ஆமை ஓடு இளகியதற்குக் காரணம் கண்ணாடி மூடி

எங்கள் ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைக்கு வயது இரண்டு. ஓட்டின் ஓரத்தை விரலால் தொட்டால் லேசாக அமுங்கியது. தீனியும் பாதியாகக் குறைந்தது.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். அம்மோனியா பூஜ்யம், சூடு 25 டிகிரி, சரியாகவே இருந்தது. அப்புறம் கால்சியத்துக்காகக் கணவாய் ஓடு போட்டேன். நன்றாகக் கொறித்தது, ஆனால் இரண்டு வாரமாகியும் ஓடு இறுகவில்லை.

வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு ஒன்றும் தொட்டிக்கு மேலே இருந்தது. அந்த யூவிபி விளக்கை நினைக்கவே இல்லை. புதுசு, பளிச்சென்று எரிந்தது. ஆமையும் தினமும் அதன் கீழே கல்லில் ஏறிக் காய்ந்தது. கால்நடை மருத்துவர்தான் கேட்டார், "நடுவில் கண்ணாடி இருக்கிறதா?" இருந்தது! தொட்டி மூடி. வெளிச்சம் அதைத் தாண்டி வரும், யூவிபி கிட்டத்தட்ட வராது. அது இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. தின்ற கால்சியம் ஓட்டில் சேராது.

மூடியை எடுத்துவிட்டு, அகலக் கண்ணுள்ள கம்பி வலை போட்டேன். நெருக்கமான வலையும் கதிரைத் தடுக்கும். விளக்கை அதன் பெட்டியில் சொன்ன தூரத்தில் வைத்தேன். சில வாரங்களில் ஓரம் கெட்டியானது, அப்பாடா என்றிருந்தது.

வெளிச்சம் குறையாமலே யூவிபி தீர்ந்துவிடும். அதனால் பல்பு மாட்டிய தேதியை ஹோல்டரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.