இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளையைத் திரும்பப் பெறும் வழி

கோடை விடுமுறைக்கென்று பிள்ளையுடன் ஊருக்குப் போன வாழ்க்கைத் துணை, திரும்பும் நாள் நெருங்கும்போது "இனி வரப்போவதில்லை" என்று சொல்லிவிட்டால், இங்கிலாந்தில் தனித்து நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது என்பதையே. 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை அதன் வழக்கமான வசிப்பிட நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்புவதற்காக ஏற்பட்டது. பராமரிப்பு யாருக்கு என்பதை அந்த நாட்டு நீதிமன்றமே தீர்மானிக்கட்டும் என்பது அதன் அடிப்படை. இலங்கை அதில் இணைந்து 2001இல் தனிச் சட்டமும் இயற்றியிருப்பதால், கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோகப்பட்ட பிள்ளைக்காக இத்தகைய விண்ணப்பங்களைக் கையாளும், லண்டனிலுள்ள மைய அதிகார அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஓராண்டுக்குள் விண்ணப்பிப்பது மிக முக்கியம்; அதற்குப் பிறகு, பிள்ளை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்ற வாதம் எழும். இந்தியாவோ அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சேருமாறு இந்தியச் சட்ட ஆணையம் 2009இலேயே தன் 218ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும் நிலை மாறவில்லை. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து பிள்ளையை மீட்க வேண்டியவர் இரு நாட்டு நீதிமன்றங்களின் படியும் ஏற வேண்டியிருக்கிறது.

முதல் படி லண்டனில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவை அணுகி, பிள்ளையை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ளதாக அறிவிக்கவும், திருப்பி அழைத்துவர உத்தரவிடவும் கோர வேண்டும். உறவினர்கள் பேசிச் சரிசெய்துவிடுவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதே இத்தகைய வழக்குகளில் நேரும் பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. பேச்சு நடக்கட்டும், மனுவும் கூடவே நடக்கட்டும். லண்டன் ஆணை இந்தியாவில் தானாகச் செல்லுபடியாகாது என்றாலும், அதற்கு எடை உண்டு. எவ்வளவு எடை என்பதில்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தின் பார்வை மாறிவந்திருக்கிறது. முதலில் ஆணை பிறப்பித்த வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று 2015இல் ஓர் அமர்வு கருதியது. 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், பிள்ளையின் நலனே தலையாயது, வெளிநாட்டு ஆணை கவனிக்க வேண்டிய காரணிகளுள் ஒன்று மட்டுமே என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரும், பிள்ளையின் நலன் திரும்பிச் செல்வதில்தான் இருக்கிறது என்று கண்டு அனுப்பிவைத்த தீர்ப்புகள் உண்டு. எனவே லண்டன் ஆணையை மட்டும் நம்பி வாதாடாமல், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே சான்றாக முன்வைக்க வேண்டும்.

பள்ளிச் சான்றுகள், ஆசிரியரின் கடிதம், மருத்துவரின் பதிவுகள், தடுப்பூசி விவரம், இருவழிப் பயணச்சீட்டு ஆகியவற்றோடு, விடுமுறைக்குத்தான் போகிறோம் என்பதைக் காட்டும் வாட்ஸ்அப் செய்திகளையும் சேகரித்து வையுங்கள். நீங்கள் அனுப்பும் செய்திகளிலும் கவனம் வேண்டும். "சரி, இந்த ஆண்டு அங்கேயே படிக்கட்டும்" என்று சோர்வில் எழுதிவிட்ட ஒரு வரி, பின்னாளில் உங்கள் சம்மதமாகவே வாசிக்கப்படும்.

காவல் துறையிடம் போவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். மற்றவரின் இசைவின்றிப் பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் குற்றம். பெற்றோரே ஆனாலும் குற்றம்தான். விமானம் ஏறும் முன் தடுக்க வேண்டுமானால் உடனே காவல் துறையை அழைக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை ஏற்கெனவே சென்றுவிட்ட நிலையில், கைது அச்சம் தாயோ தந்தையோ பிள்ளையுடன் திரும்பி வருவதற்கே தடையாகும். இந்திய நீதிபதியும் அதைக் கேட்பார்.

அடுத்தது, இந்திய அரசமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. பிள்ளை கோவையில் இருந்தால் சென்னையிலும், திருநெல்வேலியிலோ திருச்சியிலோ இருந்தால் மதுரைக் கிளையிலும் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் கையெழுத்திடும் பிரமாணப் பத்திரத்தையும் அதிகாரப் பத்திரத்தையும் நோட்டரி முன் ஒப்பமிட்டு, ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு ஏற்பதற்கான சான்றான அப்போஸ்டில் முத்திரை பெற்று அனுப்புங்கள். இதற்கிடையில் எதிர்த்தரப்பு மாவட்டக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தால், அழைப்பாணையைப் புறக்கணிக்காதீர்கள். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. அண்மையில் வந்திறங்கிய பிள்ளை அங்கே வழக்கமாக வசிப்பதாகக் கொள்ள முடியாது என்ற ஆட்சேபனையைத் தொடக்கத்திலேயே எழுப்ப வேண்டும்.

மனுவின் உயிர் அதன் உறுதிமொழிகளில் இருக்கிறது. பிள்ளையுடன் திரும்பும் துணைக்கு விமானச் செலவு, தனி வீடு, மாதச் செலவுக்குப் பணம், லண்டனில் வழக்காடும் செலவு ஆகியவற்றை ஏற்பதாகவும், குற்ற வழக்கை வற்புறுத்த மாட்டேன் என்றும், இறுதி ஆணை வரும்வரை பிள்ளையை அவரிடமிருந்து பிரிக்க மாட்டேன் என்றும் எழுத்தில் தர முன்வாருங்கள். இது வழக்குக்கான உத்தி மட்டுமாக இருக்கக் கூடாது. பிள்ளையுடன் ஊர் திரும்பியவர்களில் அடிக்கும் உதைக்கும் அஞ்சி வந்த பெண்களும் இருக்கிறார்கள். அந்த அச்சம் உண்மையானால் அதற்குப் பதில் சொல்லாத எந்த மனுவும் நியாயமானதாகாது. அத்தகைய நிலையில் இருப்பவர், சான்றுகளுடன் இரு நாட்டு நீதிமன்றங்களிலும் முன்னிலையாகித் தம் தரப்பைச் சொல்ல வேண்டும். ஒளிந்திருப்பது அவர் வழக்கையே வலுவிழக்கச் செய்யும்.

பேசித் தீர்க்க விரும்பினால், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் இத்தகைய வழக்குகளுக்கென்றே 2018இல் ஒரு சமரசப் பிரிவு அமைக்கப்பட்டது.

ஆள் வைத்துப் பிள்ளையைத் தூக்கிவரும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பள்ளி வாசலில் பறிக்கப்படும் குழந்தைக்கு அது இரண்டாவது கடத்தல். அதற்குப் பதிலாக நாள்தோறும் ஒரே நேரத்தில் காணொளியில் பேச அனுமதி கேளுங்கள். நீதிமன்றம் இடைக்காலமாகவே அதற்கு உத்தரவிடக்கூடும். பேசும்போது வழக்கைப் பற்றியோ மற்றவரைப் பற்றியோ கேட்காமல், பள்ளியையும் நண்பர்களையும் பற்றிக் கேளுங்கள். நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசக்கூடும் என்பதால், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

திரும்பும் ஆணை கிடைத்ததும், பயணத் தேதிக்கு முன்பே பழைய பள்ளியில் இடத்தை உறுதி செய்து, துணைக்கான வீட்டின் சாவியையும் முதல் மாதப் பணத்தையும் அவருடைய வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிடுங்கள். சென்னை ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகலை லண்டன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, நீங்கள் தந்த உறுதிமொழிகளை அங்கேயும் ஆணையாகப் பதிவு செய்யக் கோருங்கள்.