அப்பா சிறையில் இருக்கும் பிள்ளைக்குத் துணை: கத்தோலிக்கப் பங்குகளுக்கு ஒரு வழிமுறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பங்குகளில் இந்தப் பணி பெரும்பாலும் கெடுவது ஜெபத்தால்தான். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பிள்ளையின் பெயர் சொல்லி மன்றாடினால், மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு பிள்ளை மறைக்கல்விக்கே வராது. விஷயம் பங்குத்தந்தை, பிள்ளையை வாராவாரம் சந்திக்கும் துணையாளர், வீட்டார் ஆகியோரோடு நிற்கட்டும். மன்றாட்டில் பெயர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு துணையாளர், பெண்பிள்ளைக்குப் பெண். துணையாளரைப் பற்றிய காவல் நிலையச் சான்றும் அம்மா அல்லது பாட்டியின் எழுத்துபூர்வ சம்மதமும் வந்த பிறகே முதல் சந்திப்பு. வாரம் ஒரு மணி நேரம், எப்போதும் அதே கிழமை, நாலு பேர் பார்க்கும் திண்ணையில். பைக்கில் தனியே அழைத்துப் போவதும் இரவில் போன் பேசுவதும் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். ஓராண்டு வர முடியாதவர் தொடங்கவே வேண்டாம். பாதியில் நின்றால், இன்னொருவரும் விட்டுப் போனார் என்றுதான் பிள்ளை நினைக்கும்.

பல வீடுகளில் 'அப்பா கல்ஃபில் இருக்கார்' என்று சொல்லி வைத்திருப்பார்கள். அதை நீங்கள் உடைக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். அம்மாவே சொல்லும்படி பக்குவமாகப் பேசுங்கள். அவர் இப்படிச் சொன்னால் போதும்: "அப்பா ஜெயில்ல இருக்கார். நீ பண்ணின எதனாலயும் இல்ல. எப்ப வருவார்னு கோர்ட்தான் சொல்லும்." ஜாமீன் தேதியை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள், வாய்தா தள்ளிப் போகும். பாவம், தண்டனை பற்றிய பாடம் எடுக்கும் வாரத்தில் மறைக்கல்வி ஆசிரியர் எடுத்துக்காட்டுக்குச் சிறைக் கதை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு மதத்துக் குடும்பம் என்றால் ஜெபம் அவர்கள் கேட்டால் மட்டும். திருப்பலிக்கு வந்தால்தான் நோட்டுப்புத்தகம் என்பது உதவியே அல்ல.

கடிதத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மலையாள வழியில் படிக்கும் பிள்ளையின் கடிதத்தைத் தமிழ் மட்டும் தெரிந்த அப்பா வாசிக்க முடியாது. நாலு வரி தமிழில் எழுதப் பழக்குங்கள், கூடவே ஒரு படம். சிறையில் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்; வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். நேரில் பார்க்க அழைத்துப் போகுமுன், மலம்புழாவோ விய்யூரோ கோவையோ, அந்தச் சிறையிலேயே நாளும் ஆவணங்களும் கேளுங்கள்; எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள நடைமுறை அந்தப் பக்கம் இருக்காது.

கைதிகளின் பிள்ளைகளுக்குக் கேரள சமூக நீதித் துறையின் கல்வி உதவி உண்டு. மாவட்ட புரொபேஷன் (நன்னடத்தை) அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்பா விடுதலையானதும் சட்டென நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை எனக் குறையுங்கள். பள்ளிக் கூட்டங்களுக்கு இனி அவரே போகட்டும்.