குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன் தோட்ட டிராக்டரின் பெட்ரோல் வேலைகள்

நான்கைந்து மாதம் சும்மா நின்ற தோட்ட டிராக்டர் வசந்தத்தில் பற்ற மறுத்தால், பெரும்பாலும் குற்றவாளி பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அடியில், ஃப்ளோட் சேம்பர் என்ற சிறு கிண்ணத்தில் தேங்கிய சில கரண்டி பெட்ரோல்தான். டேங்கில் இருக்கும் பத்து லிட்டர் மெதுவாகக் கெடும். ஃப்ளோட் சேம்பருக்கோ காற்றுத் துளை உண்டு. அதன் வழியே சில வாரங்களில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து பிசினாகும், பிறகு வார்னிஷ் போல இறுகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதை அடைக்க மெல்லிய படலமே போதும்.

பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல், மிதமான வெப்பநிலையில் சுமார் அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும், அதாவது 10 லிட்டருக்கு 50 மி.லி. குளிர ஆரம்பித்தால் இந்த அளவு இன்னும் குறையும். எல்லை தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் படியும். கார்புரேட்டருக்குப் போகும் குழாய் எடுப்பதும் அடியிலிருந்துதான். இப்படிப் பிரிந்த பெட்ரோலை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவராது, வடித்துவிடுவதே வழி.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: டேங்கில் பெட்ரோலைக் கெடாமல் வைப்பது, கார்புரேட்டரைக் காலியாக வைப்பது. டேங்கையும் சேர்த்து முழுக்க வடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இரும்பு டேங்கில் அது புத்திசாலித்தனமில்லை. காலி இடத்தில் ஈரம் வியர்த்து உட்சுவர் துருப்பிடிக்கும், அந்தத் துரு அடுத்த பருவத்தில் ஃபில்டருக்கு வந்து சேரும்.

ஸ்டெபிலைசர் கலப்பது

பருவத்தின் கடைசிப் புல்வெட்டுக்கு முன்பே புதிய பெட்ரோல் வாங்குங்கள். எத்தனால் இல்லாதது கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்டெபிலைசர் என்பது பெட்ரோல் கெடாமலிருக்கக் கலக்கும் மருந்து. அது புதிய பெட்ரோலின் ஆயுளை நீட்டும், அவ்வளவுதான். நிறம் கருத்து, பெயின்ட் போல நெடி அடிக்கும் பெட்ரோலில் ஊற்றினால் அது வீண். அதை வடித்து, ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள்.

அளவு புட்டியில் எழுதியிருக்கும், அதுதான் கணக்கு. பல வகைகளில் லிட்டருக்கு 3 மி.லி. அளவில் வரும், 8 லிட்டருக்கு 25 மி.லி.; செறிவான வகைகளில் இதைவிடக் குறைவு. முதலில் காலிக் கேனில் ஸ்டெபிலைசரை விட்டு, அதன் மேல் பெட்ரோலை ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். டேங்கை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். 95 சதவீதம் போதும். வெயில் பட்டு பெட்ரோல் விரிய இடம் வேண்டும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டேங்கில் ஊற்றியது ஓஸ், ஃபில்டர், பம்ப் எல்லாம் கடந்து கார்புரேட்டரை எட்ட வேண்டும். புல்வெட்டும் பிளேடை இணைக்காமல், திறந்தவெளியில் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

ஃபில்டர் பழசாக இருந்தால் ஸ்டெபிலைசர் ஊற்றும் முன்பே, எஞ்சின் ஆறியிருக்கும்போது மாற்றிவிடுங்கள். மேலே உள்ள அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்திருக்க வேண்டும். பம்ப் இல்லாமல் டேங்கிலிருந்து தானாக இறங்கும் வண்டிக்கு மிக நுண்ணிய ஃபில்டர் பொருந்தாது. பெட்ரோல் போதுமான வேகத்தில் இறங்காமல் முழு வேகத்தில் எஞ்சின் திணறும். ஓஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ விறைப்போ தெரிந்தால் அதையும் கிளிப்போடு சேர்த்து மாற்றுங்கள்.

கார்புரேட்டரைக் காலி செய்வது

பத்து நிமிட ஓட்டம் முடிந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேங்கின் கீழ் உள்ள பெட்ரோல் வால்வை மூடுங்கள். ஓஸில் இருப்பது தீர சில நிமிடம் பிடிக்கும். எஞ்சின் தடுமாறத் தொடங்கியதும் சோக்கை இழுங்கள், அடியில் மிச்சமிருப்பதையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். தானாக நின்ற பிறகே சாவியை அணையுங்கள். முன்கூட்டியே அணைத்தால் பல கார்புரேட்டர்களில் அடியில் உள்ள சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சிறு வால்வு) பெட்ரோல் போகும் பெரிய துளையான மெயின் ஜெட்டை மூடிவிடும், பெட்ரோல் உள்ளேயே நின்றுவிடும்.

வால்வு இல்லாத வண்டியில் ஓஸ் நசுக்கும் குறடால் பிடித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் குறடை எடுத்துவிட மறக்காதீர்கள். கூர்மையான பல் உள்ள சாதாரணக் குறடு ஓஸைக் கிழித்துவிடும். டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஓஸின் உள் அளவுக்கேற்ற வால்வு ஒன்றைப் பொருத்திக்கொண்டால் ஆண்டுதோறும் இந்தத் தலைவலி இருக்காது. மலிவான பாகம், போட்டுவிடுவது நல்லது.

எஞ்சின் தானாக நின்றது என்பதால் சேம்பர் காலி என்று நம்பிவிடாதீர்கள். ஜெட்டின் வாய்க்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தங்கும். வெறுமனே ஓட்டி நிறுத்திய வண்டியிலும் ஜெட் அடைவது இதனால்தான். எஞ்சின் ஆறிய பின், கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணத்தை வைத்து, சேம்பரின் வடிகால் திருகைக் கழற்றுங்கள். சில வகைகளில் வடிகால் திருகு கிடையாது. சோலனாய்டையோ நடு போல்ட்டையோ கழற்ற வேண்டும். அப்போது சேம்பரே கழன்று வரலாம், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வட்ட ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருந்தால் அதன் பள்ளத்தில் திரும்ப உட்காராது. காய விடுங்கள், இல்லையென்றால் புதியது போடுங்கள். வடிந்த பெட்ரோலின் அடியில் முத்துப் போல உருளும் துளிகள் தெரிந்தால் அது தண்ணீர். அப்படியென்றால் டேங்கையும் வடித்துப் பார்க்க வேண்டும்.

காலியாக விட்டால் ரப்பர் வளையங்கள் காய்ந்து கசியும் என்றொரு வாதம் உண்டு. கொஞ்சம் உண்மைதான். ஆனால் காய்ந்த வளையத்தை மாற்றுவது சிறு வேலை; பிசின் அடைத்த கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வது அரைநாள் வேலை.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். வடிக்கும் வேலையை வெளியே செய்யுங்கள். தண்ணீர்ச் சூடாக்கி போலச் சுடர் எரியும் எதுவும் உள்ள அறையில் வண்டியையோ கேனையோ வைக்காதீர்கள். டேங்கை வடிக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டாம், கைப்பம்ப் போதும்.

வால்வு வசந்தம்வரை மூடியே இருக்கட்டும். இடையில் "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்து பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சேம்பர் மறுபடி நிறையும், ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் ஆயிலில் ஈரமும் தங்கும்.

டீசலும் இன்ஜெக்ஷனும்

இவற்றுக்கு மேலே சொன்ன காலி செய்யும் வேலை பொருந்தாது. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் எஞ்சினில் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது பெட்ரோலே, வறட்டு ஓட்டம் அதைக் கெடுக்கும். ஸ்டெபிலைசர் கலந்து, ஓடவிட்டு, நிறுத்தினால் போதும். டீசல் வண்டியை வறள விட்டால் லைனில் காற்று ஏறி, பிறகு காற்றெடுக்க வேண்டிவரும். தண்ணீர் பிரிப்பானின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, குளிர்கால டீசலால் டேங்கை நிரப்பி, அது ஃபில்டரையும் பம்ப்பையும் எட்டும்வரை ஓட்டுங்கள். மெழுகு உறையாமல் தடுக்கும் மருந்தைச் சேர்ப்பதென்றால் டீசல் கலங்கும் முன்பே சேர்க்க வேண்டும், கலங்கிய பின் பயனில்லை.

திரும்ப எடுக்கும்போது

வால்வைத் திறந்து ஐந்து நிமிடம் கசிவு பாருங்கள். உடனே சாவியைத் திருப்பாமல் ஆயில் அளவுக்குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு ஏறியிருந்து பெட்ரோல் நெடியும் வந்தால், ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி வால்வு கசிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல், ஊசி வால்வைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் வேகம் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது என்றால் ஐடில் ஜெட் பாதி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கார்புரேட்டர் கிளீனரை அடித்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள், தேவைப்பட்டால் மெல்லிய நைலான் இழையை விடலாம். கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும். பிறகு எஞ்சின் எப்போதும் அதிகப் பெட்ரோல் குடித்துக் கரும்புகை கக்கும், புதிய ஜெட்தான் போட வேண்டியிருக்கும்.