கடல்நீர்த் தொட்டியில் கிளிமீன் வளர்க்க விரும்புவோருக்கு

கொளத்தூர் கடைகளில் பேரட் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படும் ஆரஞ்சு நிற உருண்டை மீன், நன்னீரில் வாழும் கலப்பின சிக்லிட் ஆகும். பவளப்பாறைகளை அலகால் சுரண்டி மேயும் கடல் கிளிமீன் முற்றிலும் வேறு; கடல்மீன் விற்கும் சில கடைகளில் மட்டுமே அது எப்போதாவது கிடைக்கும். அங்கும் கண்ணைப் பறிப்பது, வெள்ளை உடலும் தலையைச் சுற்றி அகன்ற ஆரஞ்சுப் பட்டையும் கொண்ட இருநிறக் கிளிமீனின் குஞ்சுதான். விரல் நீளமே இருக்கும் அந்தக் குஞ்சு ஏறத்தாழ 80 செ.மீ. வரை வளரக்கூடியது என்பதால், வீட்டுத் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. ஏறத்தாழ 30 செ.மீ. அளவோடு நின்றுவிடும் ஸ்காரஸ் சிட்டாகஸ் போன்ற சிறிய இனத்தில் ஒன்றை மட்டும், கடைத் தொட்டியில் நம் கண்ணெதிரே இரை எடுக்கிறதா என்று பார்த்த பிறகு, வாங்குவதே முறை.

ஒரு மீனாயினும், நாள் முழுவதும் நீந்திக்கொண்டே மேயும் அதற்கு 240 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் என்பது நியாயமான அளவு. அதில் ஏறத்தாழ 1,600 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடி, பாறை, மணல், இரும்புச் சட்டகம், கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப் ஆகியவற்றோடு எடை இரண்டரை டன்னை நெருங்கும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடித்தளம் மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டப்பட்டது. அத்தகைய மாடியில் இந்த எடையை ஏற்றுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். தரைத்தளமே சரி.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, குடத்தில் அள்ளி வரலாமே என்ற எண்ணம் வடசென்னைக்காரர்களுக்கு எளிதில் வரும். காசிமேட்டுத் துறைமுக நீரில் விசைப்படகுகளின் டீசல் படலம் மிதக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் மீன்தொட்டிக் கடலுப்பு கலந்து, ஒப்படர்த்தியை 1.025 அளவில் நிறுத்துவதே நம்பகமானது. வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சென்னைச் சித்திரை வெயிலில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் அது நடவாது. நீரைச் சுழலவிட்டு நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று சோதனை காட்டிய பின்னரே மீனை விட வேண்டும். அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன் என்பதால், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரைத் தொட்டியின் கொள்ளளவுக்குத் தேவையானதைவிட ஒரு படி பெரியதாக வாங்குவது நல்லது.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டை விடுவது உணவில்தான். கிளிமீனின் பற்கள் ஒன்றோடொன்று இணைந்து அலகாகி, வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடினமானதைச் சுரண்டினால்தான் அவை தேயும். குருணை உணவை மட்டும் போட்டு வளர்த்தால் அலகு நீண்டு, நாளடைவில் வாயை மூடவும் மேயவும் முடியாமல் போகலாம். இதற்காகப் பவளத்தைத் தேடிப் போகக் கூடாது: கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, செத்த பவளக்கல்லாயினும் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். சுண்ணாம்புக்கல் பாறைகளை அடுக்கி, அவற்றில் பாசி படர விடுவதே போதும்.

அதோடு, மட்டி ஓடுகளை வேகவைத்துத் தேய்த்துக் கழுவி வைத்துக்கொள்ளவும். உப்பும் எண்ணெயும் சேராத நோரிப் பாசித்தாள், ஸ்பைருலினா தூள், சிறிது இறால் சதை ஆகியவற்றை மிக்சியில் அரைத்து, காய்ச்சிச் சற்று ஆறிய அகர் அகரில் கலந்து, ஓட்டின் உட்குழியில் மெல்லிய பூச்சாகத் தடவிக் குளிர்பெட்டியில் இறுக விட வேண்டும். அத்தகைய ஓடுகளை நாளுக்கு நான்கைந்து முறை ஒவ்வொன்றாகத் தொட்டியில் இறக்கினால், மீன் பூச்சோடு ஓட்டையும் சேர்த்துச் சுரண்டுவது கண்ணாடிக்கு வெளியிலும் நறநறவெனக் கேட்கும். ஓட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் வெளிறிய கீறல்கள் பக்கம் பக்கமாகத் தெரியும். அந்தக் கீறல்கள் இருக்கும்வரை அலகைப் பற்றிக் கவலையில்லை. தின்ற சுண்ணாம்பைத் தொண்டைப் பற்களால் அரைத்து வெண்மணலாகக் கழிக்கும் என்பதால், மூலைகளில் சேரும் பொடியை வாரம் ஒருமுறை குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும்.

சில கிளிமீன்கள் இரவில் வாயிலிருந்து சுரக்கும் கோழையால் தம்மைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொண்டு உறங்கும். காலையில் அதன் எச்சத்தைக் கண்டு நோய் என்று பதறி மருந்து ஊற்ற வேண்டாம். வளர வளர நிறம் மாறுவதும் இயல்பே. பெண்ணாக இருந்தது பின்னாளில் ஆணாக மாறும் இனங்கள் இவற்றுள் பல.

புயல் மாதங்களில் மின்சாரம் மணிக்கணக்கில் போகும். சில்லர் கருவியை இன்வெர்ட்டர் தாங்காது. சுழற்சி மோட்டார் ஒன்றையும் காற்று பம்பையும் மட்டும் அதில் இணைத்து வைத்து, மின்சாரம் திரும்பும்வரை இரை போடாமல் நிறுத்திவிடவும்.