ஓடையோர மரத்தவளைக்கு நாம் தெரியாமல் செய்யும் கேடு

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. அங்குள்ள ஆண்டிபாறைச் சோலையில் கிடைத்த ஆனைமலைப் பறக்கும் தவளையை 2000-ஆம் ஆண்டில்தான் புதிய இனமாக விவரித்தார்கள். பெயரில் பறந்தாலும், விரலிடைச் சவ்வை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கி இறங்குவதுதான் அதன் வித்தை. நம் மலையில் இப்படி ஒரு உயிர் இருப்பதே மழைக்காலத்தில் மேலே போகிற பலருக்குத் தெரியாது. தவறுகளும் அதனால்தான் நடக்கின்றன.

முதலில் நுரைக்கூடு. மழை பிடித்ததும் தண்ணீருக்கு மேலே நீட்டிய இலையிலும் கிளையிலும் வெள்ளையாக நுரைக்கட்டி தொங்கும். சோப்பு நுரையோ, பூச்சிக்கூடோ என்று குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். பெண் தவளை தன் உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டை வைத்திருக்கிறது. மேல்பக்கம் காய்ந்து இறுகினாலும் உள்ளே ஈரம் இருக்கும். பொரிந்த தலைப்பிரட்டைகள் நழுவி நேராகக் கீழே தண்ணீரில் விழும். அதனால் கூடு தொங்கும் இடம் ரொம்ப முக்கியம். கூட்டைப் பத்திரமாக எடுத்து வைக்கிறேன் என்று நகர்த்தினாலோ, வழியை மறைக்கிறதென்று அந்தக் கிளையை வெட்டினாலோ, அவை வெறும் மண்ணில் விழுந்து சாகும்.

இதற்கு நேர்மாறானவை புதர்த்தவளைகள். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும். பாவம், முட்டை தண்ணீர் இல்லாமல் கிடக்கிறதே என்று தூக்கிக்கொண்டுபோய் ஓடையில் விடுவது உதவி ஆகாது.

கையில் பிடிப்பதும் கூடாது. தவளைக்குத் தோலும் மூச்சுவிடும் உறுப்புதான். நம் கையிலுள்ள கொசுவிரட்டி க்ரீமும் சோப்பும் அதன் வழியாகவே உள்ளே போய்விடும். ஓடையில் வண்டி கழுவுவதும் ஷாம்பு போட்டுக் குளிப்பதும் அதே கேடுதான்.

அப்புறம், சேறு ஒட்டிய காலணியோடு ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகாதீர்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்தோடு பரவும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது பதிவாகியிருக்கிறது. கழுவிக் காயவைத்துப் போட்டுக்கொண்டால் போதும்.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே கூட்டம் கூடிவிடும்.