படிப்பறையைச் சீராக்குவது எப்படி? முதலில் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வாசிப்பு மாடியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் கதவு திறந்ததும் பிள்ளைகள் எந்த மேசைக்கு ஓடுகிறார்கள், எந்த மேசை சாயங்காலம் வரை காலியாகவே கிடக்கிறது என்று பல வருடமாகப் பார்த்து வருகிறேன். ஓடிப்போய்ப் பிடிக்கும் இடத்தில் ஆடாத நாற்காலி இருக்கும், நல்ல வெளிச்சம் இருக்கும், பக்கத்திலேயே பிளக் இருக்கும். காலியாகக் கிடக்கும் மேசைக்கும் ஒரு காரணம் உண்டு. ஆனால் நின்றுகொண்டு பார்த்தால் அது கண்ணில் படாது.

அந்த நூலகத்தில் தளவாடங்களை மாற்றியபோது, கழித்துவிட்ட மேசை நாற்காலிகளில் ஒரு லாரி நிறைய எழுதிக் கேட்டு வாங்கி எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தோம். ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். தோட்டத்து மண்டபத்தை ஒட்டிய ஓர் அறை சும்மா கிடந்தது. செமஸ்டர் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும், வேலை பார்த்துக்கொண்டே தொலைக்கல்வியில் படிப்பவர்களும் உட்கார்ந்து படிக்க ஊரில் வேறு இடம் இல்லை. வீட்டில் இருப்பது ஒரே மேசை, சோறும் அதில்தான், தம்பியின் வீட்டுப்பாடமும் அதில்தான். அந்த அறையைச் சரிசெய்தபோது என்ன செய்தோம், எதை முதலில் செய்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையைச் சீர்படுத்த நினைப்பவர்களுக்கும் இதே வழிதான்.

படி 1: இரண்டு மணி நேரம் உட்காருங்கள்

லாரி வந்த அன்றைக்கே கோத்தோங் ரோயோங் (ஊரார் கூடிச் செய்யும் வேலை) வைத்து மேசைகளை நேர் வரிசையில் போட்டோம், திரைச்சீலை மாட்டினோம், படம் எடுத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் போனால் பாதிப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருவர்கூட அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கவில்லை. தப்பு எங்களுடையது.

அதனால் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) செலவழிப்பதற்கு முன், ஒரு புத்தகமும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பிள்ளைகள் வரும் நேரத்திலேயே போங்கள். எங்கள் அறைக்கு மேற்குப் பக்கம் சன்னல், ஆகவே பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துவரை. எங்கே வலிக்கிறதோ உடனே எழுதுங்கள். தோள்பட்டை இறுகினால் மேசை உங்களுக்கு உயரம். தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போனால் நாற்காலி உயரம். இடுப்பு வலித்தால் முதுகுக்குப் பிடிமானம் இல்லை. கண் எரிந்தால் வெளிச்சத்தில் கோளாறு. இதை எழுதி முடித்தால் உங்கள் வேலைப் பட்டியலில் பாதி தயார்.

படி 2: மூன்று அளவுகளை எடுங்கள்

தையல் டேப் போதும். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மேசையின் மேல்பரப்பு எவ்வளவு உயரம்? இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? பெரியவர்களுக்கான படிப்பு மேசை பொதுவாக 72 முதல் 75 செ.மீ. உயரம், நாற்காலி 43 முதல் 46 செ.மீ. இந்த இடைவெளி 25 முதல் 30 செ.மீ.க்குள் இருந்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வரும், தோளைத் தூக்கி எழுத வேண்டியிருக்காது.

அப்புறம் உட்காருபவரை அளக்க வேண்டும். எங்கள் அறையில் ஒரு தங்கச்சி எப்போதும் நாற்காலியில் சம்மணம் போட்டே உட்காருவாள். பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள், “அண்ணே, கால் எட்டல, தொங்கப் போட்டா மரத்துப்போகுது” என்றாள். செருப்போடு நிற்கச் சொல்லி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்தேன். 38 செ.மீ. நாற்காலியோ 46. குறைவது 8 செ.மீ.

நாற்காலிக் காலை அறுத்துவிடலாமா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அறுக்காதீர்கள். மேசை 75, நாற்காலி 46 என்றால் இடைவெளி 29, அது சரியாகவே இருக்கிறது. காலில் 8 செ.மீ. அறுத்தால் இடைவெளி 37 ஆகிவிடும். அப்புறம் கழுத்துவரை மேசை ஏறி நிற்கும். நாற்காலியை விட்டுவிட்டுத் தரையை உயர்த்துங்கள். பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கும் ஆசாரி மாமா மிச்சப் பலகையில் ஒரு கால்மணை அடித்துக் கொடுத்தார்: நீளம் 40 செ.மீ., அகலம் 30, குதிகால் பக்கம் 7 செ.மீ. உயரம், விரல் பக்கம் 10. சறுக்காமல் இருக்க அடியில் மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். அடுத்த வாரமே இன்னும் நான்கு கேட்டார்கள்.

உயரமான பையன்களுக்கு எதிர்ப் பிரச்சினை, முழங்கால் மேசையில் இடிக்கும். ஒன்றிரண்டு மேசைகளை மட்டும் 5 செ.மீ. உயர்த்துங்கள். மரக்கட்டையில் கால் உட்காரும் அளவுக்குக் குழி செதுக்கி அதற்குள் நிறுத்த வேண்டும். வெறும் கட்டைமேல் வைத்தால் நழுவிவிடும்.

முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை ஆழம் அதிகம், சாய்ந்து உட்கார முடியாது. புதுசு வாங்க வேண்டாம். ஒரு பழைய கைலியை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையையும் கட்டி, இடுப்பு மட்டத்தில் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டுங்கள். பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

படி 3: ஆட்டத்தை நிறுத்துங்கள்

நூலகத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளில் பெரும்பாலானவை ஆடுகிறவை. ஆணி அடித்தால் மரம் பிளக்கும், ஒரு மாதத்தில் மறுபடி ஆடும். கழன்ற பொருத்தை முழுதாகப் பிரித்து, பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவிச் சேருங்கள். இறுக்கிப் பிடிக்க இடுக்கி இல்லையா? அதே மோட்டார் டியூபை நீளமாக நாடா போல வெட்டி, நான்கு காலையும் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டுங்கள். ரப்பர் தன் இழுவையைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரு முழு நாள் யாரையும் உட்காரவிடாதீர்கள். அவசரப்பட்டு மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து பார்த்த ஒரு நாற்காலியை நான் இரண்டாவது முறை பிரிக்க வேண்டியதாயிற்று.

இருக்கைக்கு மெத்தை போடுவதானால் அடர்த்தியான ஃபோம் வாங்குங்கள். அமுக்கினால் அடிப்பலகை கைக்குத் தட்டுப்படக் கூடாது. உறை துணியாக இருக்கட்டும், நம் வெயிலுக்கு ரெக்ஸின் தொடையில் ஒட்டும். மெத்தை போட்டபின் ஒருவரை உட்கார வைத்து உயரத்தை மறுபடி அளந்துவிடுங்கள்.

படி 4: மரத்தைப் பாருங்கள்

வந்த நாற்காலிகளைப் புரட்டிப் பார்த்த ஆசாரி மாமா, “இது நம்ம பால்மரம்டா தம்பி” என்றார். ரப்பர் மரத்தைத்தான் அப்படிச் சொன்னார். 1877இல் எங்கள் மாவட்டத்துக் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. பால் வற்றி, ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்தில் வெட்டிச் சாய்க்கும் மரங்கள் ஒரு காலத்தில் அடுப்புக்கும் சூளைக்கும்தான் போயின. இப்போது மலேசியாவின் ஏற்றுமதித் தளவாடங்களில் பெரும்பங்கு அந்த மரத்தில்தான் செய்கிறார்கள், ஜொகூரின் மூவார் அதற்குப் பேர்போன ஊர். பாட்டி விடிகாலையில் பால் வெட்டிய மரத்தின் இனத்தில் பேத்தி உட்கார்ந்து கணக்கியல் படிக்கிறாள். அந்த நாற்காலிகளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூஞ்சையும் உளுக்கும் வண்டும் அதைத் தேடி வரும். அதனால்தான் ஆலையில் அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிக் காய வைக்கிறார்கள். நீங்கள் பழைய சாமானாக வாங்கினால் அடிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். குண்டூசி முனை அளவு ஓட்டைகளும், தட்டினால் மாவு போல உதிரும் தூளும் இருந்தால் அதை மற்ற நாற்காலிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். மேல்பூச்சு போன இடங்களைத் தேய்த்து வார்னிஷ் அடியுங்கள். மேசைக்குப் பளபளப்பு இல்லாத வகை நல்லது, விளக்கு அதில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசாது. மரச்சாமான்களைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சுவரோரம்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

படி 5: எத்தனை பேருக்கு இடம்?

ஒரு வாசகருக்கு, நடைபாதையும் சேர்த்து, சுமார் இரண்டரை சதுர மீட்டர் என்று கணக்கு வையுங்கள். எங்கள் அறை 6 மீட்டருக்கு 8 மீட்டர், அதாவது 48 சதுர மீட்டர். பத்தொன்பது பேருக்கு வரும், பதினெட்டு இடம் போட்டோம். முப்பது போடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. போட்டிருந்தால் ஒருவர் எழுந்தால் நான்கு பேர் நகர வேண்டும்.

ஒருவருக்கு மேசையில் 90 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் கொடுங்கள். மடிக்கணினி, திறந்த புத்தகம், நோட்டு மூன்றும் அதில் அடங்கும். நடைபாதை 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையை நாற்காலி இல்லாமல் விட்டுவையுங்கள், அடியில் 70 செ.மீ. உயரம் தடையில்லாமல் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் வந்து உட்காரலாம்.

படி 6: விளக்கும் காற்றாடியும்

வாசிக்கும் மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். கைப்பேசியில் இதை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியமாகக் காட்டாவிட்டாலும் எந்த மேசை இருட்டு, எது வெளிச்சம் என்று ஒப்பிடப் போதும். எல்இடி குழல் விளக்கில் 4000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் இருக்கும். வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின்மேலேயே விழும்.

எங்கள் அறையில் இரண்டு பிள்ளைகள் தலைவலி தலைவலி என்றார்கள். கண் பரிசோதனைக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் இடத்தில் உட்கார்ந்து வெள்ளைத் தாளை விரித்தபோதுதான் தெரிந்தது: காற்றாடிக்கு நேர் மேலே விளக்கு. இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சத்தை வெட்ட, தாள்மேல் நிழல் துடித்துக்கொண்டே இருந்தது. விளக்கைக் காற்றாடி வட்டத்துக்கு வெளியே, இறக்கையைவிடத் தாழ்வாக மாற்றினோம். தலைவலி போயிற்று. எந்த அறையிலும் நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 7: வெயில், மழை

மேற்கு வெயிலுக்குச் சன்னலின் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். திரைச்சீலை உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை வெளியே அனுப்பாது. தகரக் கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய ராக்வூல் (வெப்பம் தடுக்கும் கல் இழைப் பஞ்சு) விரித்தால் வெயிலும் குறையும், மழை இரைச்சலும் கொஞ்சம் அடங்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பழைய மண்டபங்களின் கூரையிலோ உள்தட்டியிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருக்கலாம். அதில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மேலே போங்கள்.

படி 8: பிளக்

இரண்டு இடத்துக்கு ஒரு பிளக் புள்ளி இருந்தால் சண்டை வராது. நம் 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் சுமார் 3,000 வாட் தாங்கும். மடிக்கணினி ஒன்று 65 வாட் அளவில்தான் இழுக்கும், ஆகவே நான்கைந்து மாட்டினாலும் கவலையில்லை. கோப்பிக்குத் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலை மட்டும் அதே நீட்டிப்பு வயரில் மாட்டாதீர்கள். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள வயராகப் பார்த்து வாங்குங்கள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருக வேண்டாம். சுவருக்குள் போகும் வயரிங் என்றால் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

படி 9: சத்தம்

சிமெண்டுத் தரையில் நாற்காலி இழுக்கும் சத்தம் பதினெட்டுப் பேரையும் தலைநிமிர வைக்கும். ஒவ்வொரு காலுக்கும் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். தேய்ந்தால் மாற்றுங்கள். அவ்வளவுதான்.

படி 10: வாசலில் ஒரு நோட்டு

கதவுக்குப் பக்கத்தில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். பெயர் வேண்டாம், மேசை எண்ணும் என்ன தொந்தரவு என்பதும் போதும். நேரில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும் முதலில் திறப்பது அதைத்தான். இந்த வாரம் இரண்டு வரி இருந்தது: “7ஆம் மேசை, சாயும்போது கிரீச்சுனு சத்தம் வருது.” அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், “கால்மணை இன்னும் ரெண்டு கிடைக்குமா அண்ணே?” ஆசாரி மாமாவிடம் பலகை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். ஏழாம் நாற்காலியைப் பிரித்துப் பசை தடவி டியூப் கட்டி மூலையில் வைத்தாயிற்று, நாளைச் சாயங்காலம்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது.