குழாயை மெதுவாத் திறவுங்கோ: வீட்டுப் பியருக்கான தண்ணிப் பில்ற்றர்

வீட்டில் பியர் காய்ச்சுகிற ஆட்கள் மோல்ற்றைப் (முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி) பற்றிக் கதைப்பார்கள், ஹொப்ஸைப் (பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) பற்றி விடியவிடியக் கதைப்பார்கள். தண்ணி என்று வந்தால் "பில்ற்றர் போட்டிருக்கிறன் அண்ணை" என்பதோடு கதை முடிந்துவிடும். என்ன பில்ற்றர், தண்ணி எவ்வளவு வேகத்தில் போகுது, கடைசியாக எப்ப மாத்தினது என்று கேட்டால் முழிப்பார்கள். நான் ரொறன்ரோ ஸ்காபுறோவில் பிளம்பர். லீவு நாட்களில் கராஜுக்குள் பியர் காய்ச்சுகிறனான். (சொந்தப் பாவனைக்கு மட்டும்தான். ஒன்ராறியோவில் அதற்குத் தடையில்லை, காய்ச்சி விற்கத்தான் ஏலாது.) பில்ற்றர் வாங்குவது சுகம். அதை வைத்திருக்கிற விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகினம்.

ரொறன்ரோத் தண்ணி ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. பியருக்கு நல்ல தண்ணி. கடினத்தன்மை லீற்றருக்குச் சுமார் 120 மில்லிகிராம், கல்சியம் 35 அளவில். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டுமே, அந்தக் கரைச்சல் இங்கே குறைவு. எங்களுக்கு இடைஞ்சல் கிருமி கொல்லப் போடுகிற மருந்து. நகரசபை குளோரினோடு அமோனியாவையும் சேர்த்து, குளோரமைனாக்கித்தான் பைப்பில் அனுப்புகிறது. தூரத்து வீடுகளுக்குப் போய்ச் சேரும்வரை அது நின்று பிடிக்கும். குடிக்கிறதுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மோல்ற்றிலும் ஹொப்ஸிலும் இருக்கிற பீனோல்களோடு சேர்ந்தால் குளோரோபீனோல் உண்டாகும். புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரைப் பிரித்த உடனே ஒரு மணம் வருமே, அதுதான். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். போத்தலில் அடைத்து மாசக்கணக்கில் வைத்தாலும் போகாது.

புதிதாகத் தொடங்குகிற பெடியன்கள் கேட்கிற முதல் கேள்வி: "அண்ணை, முதல்நாள் இரவே தண்ணியைத் திறந்து வைச்சால் குளோரின் போயிடும்தானே?"

"குளோரின் என்றால் போகும் தம்பி. எங்கட பைப்பில வாறது குளோரமைன். அது கிடந்தபடி கிடக்கும். கொதிக்க வைச்சாலும் லேசில போகாது."

அதனால்தான் காபன் பில்ற்றர். பத்து அங்குலக் காபன் புளொக் ஒன்றும் அதற்குரிய பிளாஸ்ரிக் கூடும் போதும். உள்ளே தூளாகக் கொட்டிக் கிடக்கிற காபனைவிட, இறுக்கிச் செய்த புளொக் நல்லது. தூளுக்குள் தண்ணி தனக்கு வசதியான பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். பெட்டியில் என்எஸ்எஃப்/ஆன்சி 42 என்று இருக்கிறதா பாருங்கோ. சுவை, மணம், குளோரின் சம்பந்தமான தரம் அது. குளோரமைனுக்கும் சரி என்று தனியாகப் போட்டிருந்தால் இன்னும் திறம். கற்றலிற்றிக் காபன் என்று விற்கிறது குளோரமைனை இன்னும் கெதியாக உடைக்கும், விலையும் கூட.

வேகத்துக்கு வருவோம், என்ர முழுச் சண்டையும் இதில்தான். காபன் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. தண்ணி அதோடு கொஞ்ச நேரம் ஒட்டி நின்றால்தான் வேலை நடக்கும். குளோரினுக்குக் கொஞ்ச நேரம் காணும், குளோரமைனுக்கு அதைவிடக் கனக்க வேணும். பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் குளோரினுக்கான கணக்கு. எங்கட தண்ணிக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர், மிஞ்சினால் ஒன்றரை. அளக்கிறது இப்படி: ஒரு லீற்றர் யக்கைக் கீழே வைத்து, போனில் மணிக்கூட்டைப் போட்டு, யக் நிரம்ப அறுபது செக்கன் வரும்வரை குழாயைக் குறைத்துக்கொண்டே வாங்கோ. பென்சில் தடிப்பில் தண்ணி விழும். அந்த இடத்தில் குழாய்க் கைப்பிடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கோ. 20 லீற்றர் பியருக்கு மோல்ற்றை ஊறவைக்கிறதுக்கும் பிறகு கழுவி எடுக்கிறதுக்கும் சேர்த்து 30, 35 லீற்றர் தேவைப்படும். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். எடுக்கட்டும். அந்த நேரத்தில் மோல்ற்றை அரையுங்கோ.

சரிவந்ததா என்று பார்க்க, மொத்தக் குளோரின் பார்க்கிற காகிதப் பட்டி வாங்குங்கோ. நீச்சல் தடாகச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். 'சுயாதீனக் குளோரின்' மட்டும் காட்டுகிற பட்டி குளோரமைனைப் பிடிக்காது, பார்த்து எடுங்கோ. சிலர் தண்ணியில் கரைந்த உப்புகளை அளக்கிற ரிடிஎஸ் மீற்றரை விட்டுப் பார்த்து "இலக்கம் குறையேல்லை, பில்ற்றர் பழுது" என்பார்கள். காபன் உப்புகளை எடுக்காது. அந்த மீற்றரில் காபனின் வேலை தெரியவே தெரியாது.

பூட்டுகிற விதத்திலும் ஒன்றிரண்டு இருக்கு. திறந்து மூடுகிற குழாய் பில்ற்றருக்கு முன்னால் இருக்கவேணும், வெளியே போகிற பக்கம் எப்போதும் திறந்திருக்கவேணும். பின்னால் வால்வு போட்டு மூடினால் பிளாஸ்ரிக் கூடு இராப்பகலாக அழுத்தத்தில் நிற்கும், ஒருநாள் வெடிக்கும். பூமரத்துக்குத் தண்ணி விடுகிற பச்சை ஹோஸ் வேண்டாம், றப்பர் மணம் பியருக்குள் வரும். குடிதண்ணிக்கு என்று விற்கிற வெள்ளை ஹோஸ் எடுங்கோ. சுடுதண்ணியை மட்டும் உள்ளே விடாதேங்கோ.

புதுக் காட்ரிஜ் (கூட்டுக்குள் போடுகிற காபன் புளொக்) போட்டவுடன் கறுப்புத் தண்ணி வரும். காபன் தூள்தான், பயப்பட ஒன்றுமில்லை. தெளிகிற மட்டும் விட்டு, அதற்கு மேலும் ஒரு வாளி விட்டுவிடுங்கோ.

பராமரிப்பில் ஆட்கள் மறந்துபோகிற விசயம் ஒன்று. குளோரமைனை எடுத்துவிட்டால் தண்ணிக்குக் காவல் இல்லை. ஈரக் காபன், இருட்டு, சூடான பேஸ்மென்ற்: கிருமி வளர இதைவிட என்ன வேணும்? மாசத்துக்கு ஒருக்கால் காய்ச்சுகிறவர் காட்ரிஜைக் கூட்டுக்குள் தண்ணியோடு விட்டுவிட்டுப் போகக்கூடாது. வேலை முடிந்ததும் கூட்டைக் கழற்றித் தண்ணியை ஊற்றி, காட்ரிஜை உதறி வடியவிட்டு, சுத்தமான பையில் கட்டி பிறிட்ஜில் வையுங்கோ. அடுத்தமுறை முதல் சில லீற்றரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கோ. இத்தனை ஆயிரம் லீற்றர் தாங்கும் என்று பெட்டி சொன்னாலும், ஆறு மாசத்தில் மாத்துங்கோ. பூட்டின திகதியைக் கூட்டின் மேலே எழுதிவிட்டால் வீட்டில் யாரோடும் வாக்குவாதம் வராது.

மாத்தும்போது கூட்டையும் கழுவவேணும். வாசனை சேர்க்காத பிளீச் ஒரு மேசைக்கரண்டி, நாலு லீற்றர் தண்ணி. பத்து நிமிடம் ஊறவிட்டு, மணம் போகுமட்டும் அலசுங்கோ. காட்ரிஜை மாத்திரம் பிளீச்சுக்குள் போடாதேங்கோ, காபன் அதைத்தான் முதலில் குடித்துத் தன்ர சீவனை முடித்துக்கொள்ளும். ஓ-றிங்கை (கூட்டின் வாயில் இருக்கிற றப்பர் வளையம்) விரலால் எடுத்துத் துடைத்து, அது இருந்த காடியையும் துடையுங்கோ. ஒரு மணல் பருக்கை கிடந்தாலும் ஒழுகும். பிறகு உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிறீஸ் மெல்லிசாகப் பூசுங்கோ. வாஸ்லீன் பூசினால் றப்பர் ஊதிப்போகும். கூட்டைக் கையால் இறுக்கினால் காணும். கழற்றுவதற்குத்தான் சாவி. சாவியால் இறுக்கிவிட்டு, பிறகு கழற்ற ஏலாமல் என்னைக் கூப்பிடுகிற வீடுகள் கனக்க.

பனிக்காலத்தில் எதையும் கராஜில் விடாதேங்கோ. உறைந்த தண்ணி கூட்டைப் பிளக்கும். பிளவு வெளியில் தெரியாது, தண்ணி விடும்போதுதான் தெரியும்.

ஆர்ஓ (தண்ணியை மென்சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிக்கிற பில்ற்றர்) வேணுமா என்று கேட்கிறவர்களுக்கு: பில்ஸ்னர் மாதிரி மெல்லிய பியர் காய்ச்ச ஆசை என்றால் யோசிக்கலாம். அது உப்பைக் கிட்டத்தட்ட முழுக்க எடுத்துவிடும், பிறகு ஜிப்சமும் கல்சியம் குளோரைட்டும் நீங்களே நிறுத்துப் போடவேணும். 20 லீற்றருக்கு ஒரு கிராம் கல்சியம் குளோரைட்டு (வழமையாக விற்கிற இருநீரேற்று) கல்சியத்தை லீற்றருக்குக் கிட்டத்தட்ட 14 மில்லிகிராம் கூட்டும். ஒரு லீற்றர் நல்ல தண்ணிக்குப் பல லீற்றர் கழிவாகவும் போகும். குவெல்ஃப், கிச்சினர் பக்கம் இருக்கிறவர்களுக்கு வேறு கதை. அங்கே நிலத்தடித் தண்ணி கடினம் என்று வீட்டுக்கு வீடு சொஃப்ற்னர் வைத்திருப்பார்கள். அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடும், பியருக்கு ஆகாது. சொஃப்ற்னருக்கு முன்னால் இருக்கிற பைப்பிலிருந்து எடுங்கோ.

இவ்வளவும் சொன்ன பிளம்பர் வாயாலேயே இன்னொன்று: வருசத்துக்கு நாலைந்து தரம்தான் காய்ச்சுகிறீர்கள் என்றால் பில்ற்றரே வேண்டாம். காம்ப்டன் மாத்திரை (பியர், வைன் செய்கிறவர்கள் பாவிக்கிற சல்பைற்று மாத்திரை) வாங்குங்கோ. 20 லீற்றருக்குக் கால் மாத்திரையை நசித்துக் கலக்கினால் சில நிமிடத்தில் குளோரமைன் போய்விடும். தூளை முகர்ந்து பார்க்கவேண்டாம், ஆஸ்துமாக்காரர் அதைத் தள்ளியே வையுங்கோ. நான் பில்ற்றரும் வைத்திருக்கிறேன், சட்டிக்குள் கால் மாத்திரையும் போடுகிறேன். மாத்திரை சதக்கணக்கு, ஒரு சட்டி மோல்ற் அறுபது டொலர்.